யுத்தத்தோடு வளர்ந்த பொருளாதாரம்: தாக்குப்பிடித்தது யார், தாங்கிக்கொண்டது யார்?

பண்டாரவளை_பாலன்

நீண்ட யுத்தம் நடந்தால் நாட்டின் பொருளாதாரம் படுத்துவிடும் என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணக்கு வேறு கதை சொல்கிறது. திட்டு விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் இலங்கையையே எடுங்கள். 1983 முதல் 2009 வரை யுத்தம். அந்தக் காலம் முழுக்கச் சராசரியாக வருஷத்துக்கு 5 சதவீதத்தை ஒட்டி வளர்ந்திருக்கிறோம். சுருங்கியது ஒரே வருஷம், 2001. கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல், அதனால் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஏறிய காப்புறுதிக் கட்டணம், வரட்சி, மின்வெட்டு, உலகச் சந்தையின் மந்தம் எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்த வருஷம் அது. அடுத்த வருஷமே எழும்பிவிட்டோம்.

உக்ரைனைப் பாருங்கள். 2022இல் உற்பத்தி 29 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2023இல் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வங்கிகளைப் பூட்டவில்லை. நாணய மாற்று வீதத்தை இறுக்கிப் பிடித்தார்கள். உள்நாட்டு வரிப்பணம் படைக்கு, வெளிநாட்டு உதவி ஓய்வூதியத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். கருங்கடல் துறைமுகம் அடைபட்டபோது தானியத்தை ரயிலிலும் டானியூப் ஆற்றுத் துறைமுகங்கள் வழியாகவும் அனுப்பினார்கள். ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டொலரை மேற்கு நாடுகள் முடக்கின. அவர்கள் எண்ணெயை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் திருப்பினார்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் 4 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தார்கள்.

காசு, ஆள், வழி. இந்த மூன்றையும் மாற்றிப் போடத் தெரிந்த நாடு யுத்தத்தோடு வாழப் பழகிவிடும். நாம் ஆடைத் தொழிற்சாலைகளை வைத்தும், மத்திய கிழக்கிலிருந்து வந்த காசை வைத்தும், நம் தேயிலையை வைத்தும் பழகினோம். பொருளாதாரம் என்பது நாம் நினைப்பதைவிட அதிகம் வளைந்து கொடுக்கும். மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

புசல்லாவ_பையன்

அப்போ யுத்தம் நல்லதுன்னு சொல்ல வர்றீங்களா சேர்? 😐

பண்டாரவளை_பாலன்

இல்லை தம்பி. ஒருவன் காய்ச்சலோடு வேலைக்குப் போனான் என்றால் காய்ச்சல் நல்லது என்று அர்த்தமா? எப்படிப் போக முடிந்தது என்றுதான் கேட்கிறேன்.

மஸ்கெலியா_மலர்

பாலன் சேர், கணக்கோடுதான் வருகிறேன். நான் கொழும்பில் கணக்காளர் வேலை பார்க்கிறேன். பிறந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில்.

முதலில் அந்த 5 சதவீதம். யுத்தம் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும். நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில். எரிந்த இடம் கணக்கில் சின்னப் பங்கு. எரியாத இடம் பெரிய பங்கு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு "நாடு வளர்ந்தது" என்றால், வளர்ந்தது எந்த நாடு? "பொருளாதாரம் பழகிக்கொண்டது" என்ற வசனத்தில் எழுவாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். யாரோ ஒருவர் குறைவாகச் சாப்பிட்டு, குறைந்த கூலிக்கு வேலை செய்து, சேமிப்பைக் கரையவிட்டால்தான் அது பழகும். அந்த யாரோ யார் என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் சொன்ன காசு, ஆள், வழி மூன்றில் ஆள் விஷயத்தை மட்டும் இப்போது எடுக்கிறேன். ரஷ்யாவில் என்ன நடந்தது? ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், இன்னும் பலர் நாட்டை விட்டே ஓடினார்கள், தொழிற்சாலைக்கு ஆள் இல்லை, சம்பளம் ஏறியது. பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறும்.

மலைநாட்டில் யுத்தம் அதற்கு நேர்மாறாக வேலை செய்தது. 1964 சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். வருஷம் வருஷமாகத் தலைமன்னார் கப்பலில் போய்க்கொண்டும் இருந்தார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சாமான் கட்டி வைத்துக்கொண்டு இருந்த குடும்பங்கள் லயத்திலேயே தங்கிவிட்டன. தோட்டத்திலிருந்து ஆள் வெளியேறும் பெரிய கதவு அன்று பூட்டப்பட்டது.

அடுத்த கதவு கொழும்பு. தோட்டத்துப் பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போனால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, செக்பொயின்ட். அடையாள அட்டையே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பிரஜாவுரிமைச் சிக்கல் முழுசாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் மறுநாள் தடுத்தது. அதைப் பார்த்த பிறகு எந்த அம்மா பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவாள்?

வெளியே போக முடியாத ஆளுக்குக் கூலி எப்படி ஏறும்? 2008 நடுப்பகுதியில் பணவீக்கம் 28 சதவீதத்தைத் தொட்டது. யுத்தம் முடிந்து 2009 செப்டெம்பரில் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் கிடைத்த நாட்கூலி, அடிப்படை 285 ரூபா, எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 405. இந்த மலைகள்தான் யுத்தத்துக்குத் தேவையான டொலரைக் கொடுத்தவை.

டீமேக்கர்_ஓய்வு

நான் டிக்கோயாப் பக்கம் ஃபாக்டரியில் 30 வருஷத்துக்கு மேல் இருந்தவன். மலர் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் கூலியை யுத்தம்தான் அமுக்கியது என்பதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. யுத்தத்துக்கு முன்னும் கூலி அதே லட்சணம்தான். 1973, 74இல் நாட்டில் யுத்தமா நடந்தது? தோட்டத்தில் பட்டினியால் செத்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காத வீடு இருந்தது.

அந்தப் பஞ்சத்திலும் ஒரு யுத்தத்தின் பங்கு உண்டு, அது தூரத்து யுத்தம். 1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் சண்டை வந்து எண்ணெய் விலை நாலு மடங்கு ஆனது. கோதுமை மாவும் சீனியும் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த காலம். டொலர் இல்லாத அரசாங்கம் இறக்குமதியை வெட்டியது, பங்கீட்டுக் கூப்பன் அரிசியைக் குறைத்தது, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகத் தடை போட்டது. கிராமத்துக்காரனுக்கு வயல் இருந்தது. தோட்டத்துக்காரனுக்குக் கூப்பன் கடைதான் வயல்.

தேயிலைக்கு எப்போதும் பக்கத்து யுத்தத்தைவிடத் தூரத்து யுத்தம்தான் பெரிய எதிரி. நம் தேயிலையைக் குடிக்கிற நாடுகளைப் பாருங்கள்: ஈராக், ஈரான், சிரியா, லிபியா, ரஷ்யா. சண்டை வராத நாடு எது? 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் போனதும் ஐ.நா. தடை வந்தது, பெரிய சந்தை ஒன்று அடைபட்டது. அதே வேளை குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த நம் பெண்கள் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார்கள். அடுத்த வருஷம் சோவியத் யூனியன் உடைந்தது. அப்புறம் அதே ரஷ்யாக்காரர்கள்தான் பெரிய வாங்குபவர்களாக வந்தார்கள், அதுவும் உண்மை.

உள்நாட்டு யுத்தம் எங்களைத் தொட்ட இடம் ஒன்றைச் சொல்கிறேன். 1996 வரட்சி, மின்வெட்டு. கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடி நின்றால் இலை சூடேறிச் சிவந்து போகும், அதற்கப்புறம் அது தேயிலை இல்லை, குப்பை. ஜெனரேட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க டீசல் எரித்தோம். அனல்மின் நிலையங்களை நேரத்துக்குக் கட்டாமல் மகாவலியையே நம்பிக் கிடந்த அரசாங்கம், காசெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்று சொன்னது. டீசல் எரித்த செலவைத் தோட்டம் எங்கே பிடித்தது தெரியுமா? கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவது, தள்ளிப் போனது, உரம் குறைந்தது, லயத்துக் கூரைத் தகரம் மாறவில்லை. வருஷக் கணக்கில் அது எங்கேயும் நட்டமாகத் தெரியாது. பத்து வருஷம் கழித்து மரம் கிழடாகும்போது தெரியும்.

ஆனாலும் பாலன் மாஸ்டர் சொல்வது சரி. கொழும்பில் குண்டு வெடித்த கிழமையிலும் லொறி ஏறியது, ஏலம் நடந்தது. தேயிலை நின்றதில்லை.

மஸ்கெலியா_மலர்

ஐயா, உங்கள் கூரைத் தகரம்தான் நான் சொல்ல வந்தது. நிற்கவில்லை என்றால் பழகிவிட்டது என்று எழுதுகிறார்கள்.

வட்டக்கச்சி_வாசி

கொஞ்சம் தள்ளி இருந்து ஒன்று சொல்லலாமா? எங்கள் குடும்பம் ஹட்டனிலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனது. தோட்டத்தில் கிடைக்காத காணித்துண்டு அங்கே கிடைத்தது. பிறகு கிடைத்தவை எல்லோருக்கும் தெரியும்.

1990க்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், உரம், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து என்று எது வரலாம் எது வரக்கூடாது என்று பட்டியல் இருந்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் சின்னக் குழாயில் திரி, அடியில் விரல் கனத்துக்கு மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில்தான் நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தேன். சாதாரணக் குப்பி விளக்கு குடிக்கிற எண்ணெயில் கால்வாசிகூட அது குடிக்காது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடங்கும்போது மட்டும் காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட வேண்டும், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். புகை கண்ணை எரிக்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். இதுவும் பொருளாதாரம் பழகிக்கொண்டதுதானே பாலன் சேர்? உங்கள் 5 சதவீதத்தில் ஜாம் போத்தல் எந்தப் பக்கத்தில் வருகிறது?

இன்னொன்று, இதை இங்கே பலர் பேச விரும்ப மாட்டார்கள். தெற்கிலிருந்து வரும் சாமானில் அரசாங்கத்தின் தேசிய பாதுகாப்பு அறவீடு ஏற்கெனவே விலைக்குள் இருந்தது. விடுதலைப் புலிகளின் கையில் இருந்த வன்னிக்குள் வந்ததும் அந்த இயக்கத்தின் வரி. ஒரே சீனிப் பக்கற்றில் இரண்டு பக்க யுத்தத்துக்கும் காசு கொடுத்தோம். 2002இல் வடக்குக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது விலை இறங்கியது, வரி இறங்கவில்லை.

பண்டாரவளை_பாலன்

வட்டக்கச்சி அண்ணன், நீங்கள் எழுதியதை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஆனால் என் வாதத்தை அது உடைக்கவில்லை. நான் "நாடு எப்படிப் பழகுகிறது" என்று கேட்டேன். "நியாயமாகப் பழகுகிறதா" என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்தால் எதற்கும் விடை கிடைக்காது.

மலர், எல்லா யுத்தமும் ஏழையின் தலையில்தான் முடியும் என்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தை எடுங்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் நமக்கு வந்த அரிசி நின்றது. அரிசிக்கும் மாவுக்கும் பங்கீடு வந்தது. ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடை வந்தது. தோட்டத் துரைக்கும் கூப்பன், தொழிலாளிக்கும் கூப்பன். அந்தப் பங்கீடு யுத்தத்தோடு முடியாமல் 1970களின் கடைசி வரை நின்றது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. யுத்தத்தில் அரசாங்கம் எல்லாவற்றையும் எண்ணவும் பிரித்துக் கொடுக்கவும் கற்றுக்கொண்டது, பிறகு அந்தப் பழக்கம் மக்களுக்கு உதவியது. பிரிட்டனில் தேயிலைக்கே பங்கீடு, ஆளுக்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ், 1940 முதல் 1952 வரை. பணக்காரனும் அதைத்தான் குடித்தான்.

கூலியும் அப்படித்தான். குறைந்தபட்சக் கூலியைத் தீர்மானிக்க வழிசெய்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் எப்போது வந்தது? 1941. யுத்தத்துக்கு நடுவில். மலேயா விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கொடுக்கும் பெரிய இடம் இலங்கைதான். 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தையே பேராதனைக்குக் கொண்டுவந்தார். கண்டியில் அந்தக் காலத்தில் வேலை கிடைக்காதவன் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். யுத்தம் உழைப்பாளியின் பேரம்பேசும் பலத்தைக் கூட்டிய உதாரணம் நம் மலையிலேயே இருக்கிறது.

டீமேக்கர்_ஓய்வு

மாஸ்டர், 1941க்கு முன் 1940 ஒன்று இருக்கிறது. ஜனவரி மாதம் முல்லோயாத் தோட்டம். யுத்தம் தொடங்கி நாலு மாதத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தான். மலைநாட்டுத் தொழிற்சங்கம் எல்லாம் அவனை முதல் தியாகி என்று இன்றைக்கும் சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த சட்டத்தை யுத்தம் கொடுத்த பரிசு போல எழுத வேண்டாம்.

மஸ்கெலியா_மலர்

ஐயா முந்திக்கொண்டார். நான் மீதியைச் சொல்கிறேன்.

அந்த ரப்பர். மரத்தை வருஷக்கணக்கில் பாதுகாத்துச் சீவ வேண்டிய இடத்தில், யுத்தத் தேவைக்கென்று எல்லாப் பக்கமும் வெட்டிப் பாலெடுத்துச் சாகடித்தார்கள். விலையை வாங்குகிற பிரிட்டனே தீர்மானித்தது. தேயிலையும் அப்படித்தான், மொத்தமாக அவர்கள் உணவு அமைச்சுக்குப் போனது. கையில் காசா வந்தது? லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் எழுதி வைத்தார்கள். யுத்த காலத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. குடியேற்ற நாட்டின் உழைப்பைக் கடனுக்கு வாங்கி நடத்திய யுத்தம் அது. யுத்தம் முடிந்து மூன்று வருஷத்தில், 1948இல், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிரஜாவுரிமை போனது. கூட்டுறவுக் கடையும் இலவசக் கல்வியும் நாட்டுக்கு வந்தன என்கிறீர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுசாகப் பொறுப்பெடுக்க 1970களும் தாண்டிப் போனது, உங்களுக்குத் தெரியாததா?

சரி, இப்போது காசு. யுத்தத்துக்குக் காசு தேடும் வழிகள் கொஞ்சம்தான்: வரி, கடன், நோட்டு அச்சடிப்பது, யாராவது வெளியாள் கொடுப்பது. உக்ரைனுக்கு நாலாவது கிடைத்தது. அப்படியும் 2024 டிசம்பரில் சம்பளத்தின் மீதான யுத்த வரியை 1.5 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்கள். ரஷ்யா 2024 அக்டோபரில் வட்டி வீதத்தை 21 சதவீதத்துக்கு ஏற்றியது, படைக்கு ஆயுதம் செய்யாத வியாபாரி கடனே எடுக்க முடியாத நிலை. நாம் முதல் மூன்றையும் கலந்தோம். பாதுகாப்பு அறவீட்டை 2002இல் வற் வரிக்குள் கரைத்தார்கள், பெயர்தான் போனது. அரசாங்கக் கடன் 2001இலேயே மொத்த உற்பத்தியைத் தாண்டிவிட்டது.

அந்தக் கடனை யார் கொடுத்தது? பெரிய பங்கு ஊழியர் சேமலாப நிதி. நம் அம்மாக்களின் சம்பளத்தில் மாதா மாதம் வெட்டிய காசு. அந்த நிதி தன் காசில் மிகப் பெரும் பகுதியை அரசாங்கப் பிணையங்களில், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களில், போட்டது. பிள்ளை கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டிய 2008இல் நிதி கொடுத்த வட்டி அதற்கு நல்ல கீழே. கொழுந்து பறிக்கிற பெண் அரசாங்கத்துக்கு நட்டத்தில் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியாது.

1940இல் பிரிட்டனில் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் சொன்னதும் இதுதான்: சம்பளத்தின் ஒரு பங்கைக் கட்டாயமாகப் பிடியுங்கள், யுத்தத்துக்குப் பின் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணவீக்கம் அதைத் திருடிக்கொள்ளும். அவர்களும் பிடித்தார்கள், சீட்டும் கொடுத்தார்கள். கடைசிச் சீட்டுக்காரனுக்குக் காசு போகும்போது 1970கள் ஆகிவிட்டது, அதுவும் கரைந்த காசு. இருந்தாலும், "உன்னிடம் பிடித்தோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புசல்லாவ_பையன்

மலர் அக்கா 🔥

ஒரு சின்னக் கேள்வி. ஆமிக்குப் போனவங்க சம்பளம்? எங்க தோட்டத்துக்குக் கீழ இருக்கிற சிங்களக் கிராமத்துல கல்லு வீடெல்லாம் அந்தக் காசுலதான் எழும்பிச்சு. இப்பகூட பழைய ஆமிக்காரங்க சிலர் ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போய்ச் செத்தாங்கன்னு நியூஸ்ல வந்துச்சே.

பண்டாரவளை_பாலன்

தம்பி நல்ல இடத்தில் கைவைத்தான். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது, கிராமத்து விவசாயிக்குக் கிடைத்த மானியங்கள் சுருங்கின. கலவரம் வெடித்திருக்க வேண்டிய வறண்ட மாவட்டங்களில் அதைத் தணித்தவற்றில் ஒன்று படைச் சம்பளம். மொனராகலை, அநுராதபுரம், பொலன்னறுவை. மாதச் சம்பளம், ஓய்வூதியம், வங்கிக் கடன். யுத்தச் செலவு மொத்த உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் வரை போன காலத்தில், அதில் நல்ல பங்கு சம்பளமாகக் கிராமத்துக் கடைக்குத் திரும்பி வந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தையும் சேருங்கள். யுத்தச் செலவே ஒருவகை வேலைவாய்ப்புத் திட்டமானது. இதைத்தான் பழகுதல் என்கிறேன். ரஷ்யாவின் தூரத்து ஏழை மாகாணங்களிலும் இன்றைக்கு இதே கதை, படையில் சேருவதற்குக் கொடுக்கும் முன்பணத்தில் வீட்டுக்கடன் அடைபடுகிறது.

வட்டக்கச்சி_வாசி

அந்தக் கல்வீடுகளில் எத்தனையில் மகன் உயிரோடு திரும்பினான் என்றும் எண்ண வேண்டும். அந்தக் கிராமத்து அம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை.

மஸ்கெலியா_மலர்

எனக்கும் இல்லை. ஆனால் கவனியுங்கள் பாலன் சேர், அந்த வேலைவாய்ப்புத் திட்டத்தின் கதவு நமக்குத் திறந்திருக்கவில்லை. ஒரே மலைச்சரிவில் கீழே கிராமத்துக்கு யுத்தச் சம்பளம், மேலே லயத்துக்கு யுத்த விலைவாசி. கீழே பிள்ளை போனான், மேலே பிள்ளை செக்பொயின்டில் நின்றான். மேலே இருந்து போக முடிந்தது கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்கோ சவூதிக்கோ, அதுவும் பெரும்பாலும் பெண்கள்.

பண்டாரவளை_பாலன்

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேமலாப நிதி வாதத்தில் ஓட்டை இருக்கிறது. யுத்தம் இல்லாவிட்டாலும் அந்த நிதி அரசாங்கக் கடனில்தான் போயிருக்கும், வேறு பெரிய சந்தை இங்கே ஏது? அதே கடனில்தான் வீதியும் ஆஸ்பத்திரியும் வந்தன. காசில் "யுத்தம்" என்று முத்திரை குத்தியில்லை. இன்னொன்று: 2002இல் உற்பத்தியில் 105 சதவீதமாக இருந்த கடன், 2010க்குப் பிறகு 70ஐ ஒட்டி இறங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றதற்கு 2019 வரிக் குறைப்பும், டொலரில் கடன் வாங்க விற்ற பிணைமுறிகள் என்ற கடன் பத்திரங்களும், கொவிட்டும் காரணம். உரத் தடை தேயிலையையும் விழுத்தியது. யுத்தக் கடன் அதற்குள் தீர்ந்துவிட்டது.

மஸ்கெலியா_மலர்

தீர்ந்தது என்கிறீர்கள். எப்படித் தீர்ந்தது? வளர்ச்சியில் கொஞ்சம், பணவீக்கத்தில் மீதி. பணவீக்கத்தில் கடன் கரைந்தது என்றால் கடன் கொடுத்தவரின் காசு கரைந்தது என்று அர்த்தம். இஸ்ரேல் 1973 யுத்தத்துக்குப் பின் பல வருஷம் உற்பத்தியில் கால்வாசி அளவு படைக்குச் செலவழித்தது, 1984இல் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது, 1985இல் எல்லாவற்றையும் நிறுத்தித் திருத்த வேண்டி வந்தது. ஆனால் அங்கே தொழிலாளியின் சம்பளம் விலைவாசியோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பலமான தொழிற்சங்கம் இருந்தது. நமக்கு அப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம் இருந்தது, அதுவும் இழுபறி. நடுவில் விலை எவ்வளவு ஏறினாலும் நாட்கூலி அங்கேயே நின்றது. அடி விழுந்ததில் வித்தியாசம் அங்கேதான்.

முத்திரை இல்லை என்கிறீர்கள், சரி. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. சேமலாப நிதியிடம் இருந்ததைத் தொட்டார்கள். மாற்றிக்கொள்ளாவிட்டால் நிதியின் வரி 14இலிருந்து 30 சதவீதம் என்றார்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது நிதி உறுப்பினருக்குக் கொடுத்தது 9. யுத்தத்தில் யாரிடம் எடுத்துப் பழகினார்களோ, நெருக்கடியிலும் அவர்களிடமே எடுத்தார்கள். யுத்தம் முடிந்தாலும் பழக்கம் முடியவில்லை.

பண்டாரவளை_பாலன்

வங்கியைத் தொட்டிருந்தால் வங்கி விழுந்திருக்கும். வைப்பு வைத்த எல்லோரும் வரிசையில் நின்றிருப்பார்கள். உங்கள் அம்மாவின் சேமிப்புப் புத்தகமும் அதோடு போயிருக்கும். 9 சதவீதத்துக்குக் குறையாது என்று உறுதியாவது கொடுத்தார்களே.

மஸ்கெலியா_மலர்

அம்மாவிடம் சேமிப்புப் புத்தகத்தில் இருந்தது நகை அடகு மீட்கிற அளவுதான் சேர். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது சேமலாப நிதியில் மட்டும்.

டீமேக்கர்_ஓய்வு

மாஸ்டரும் பிள்ளையும் விடிய விடியப் பேசுவீர்கள் போல. நான் மாஸ்டரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் நாளைக்குச் சொன்னாலும் போதும். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்களே, அரசாங்கத்தால் நட்டத்தைத் தாங்க முடியவில்லை என்று சொல்லித்தான் செய்தார்கள். யுத்தச் செலவு இல்லாதிருந்தால் அது நடந்திருக்குமா, நடந்திருக்காதா? அந்தக் கணக்கை யாராவது போட்டால் நல்லது.

புசல்லாவ_பையன்

ஐயா, அதுக்கு முன்னாடி, எங்க அம்மாவோட சேமலாப நிதியில எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது? தோட்டத்தை விட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு.

டீமேக்கர்_ஓய்வு

அம்மாவுக்கு 50 வயது தாண்டியிருந்தால் முழுசாக எடுக்கலாம் தம்பி, பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. தோட்டத்து ஆபீசில் அங்கத்துவ இலக்கத்தை எழுதி வாங்கு. அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் எழுதின பெயரும் ஒன்றா என்று முதலில் பார். எங்கள் காலத்துக் கிளாக்கர்மார் காதில் விழுந்தபடி எழுதிய பெயரால் காசு எடுக்க முடியாமல் அலைந்தவர்கள் நிறையப் பேர். அப்புறம் தொழில் திணைக்களத்துக்குப் போ.